நாலாவது பாட்டில்

"அப்பா, கட்டை அவிழ்த்தா ஆட்டம் க்ளோஸ்!" என்று மிரட்டியபடி மகள் அவர் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

டீத்தூள் கம்பெனியில் எந்தத் தூளோடு எதைக் கலப்பது என்று முகர்ந்தே முடிவு செய்பவர் அவர். தெருவில் 'மூக்கர்' என்றால்தான் தெரியும். எந்த வீட்டில் எது அடிப்பிடித்தது என்று வாசலில் நின்றே அறிவித்து மானத்தை வாங்கும் மூக்கு. மாடி வீட்டு அக்காவின் அடுப்பு மட்டும் பத்துத் தடவை மாட்டியிருக்கிறது.

எட்டு மாதம் முன்பு வந்த வைரஸ் காய்ச்சல் அந்த மூக்கைத் துடைத்துப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து, போன மோப்பத்தைத் திரும்பப் பழக்க, காலையும் மாலையும் நாலு பாட்டில்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும். தெரு சிரித்தது. மகள் ஒரு வேளைகூட விடவில்லை.

நாளை கம்பெனியில் பரீட்சை. தேறாவிட்டால் அவர் நாற்காலி வேறொருவருக்கு. இன்று வீட்டில் ஒத்திகை என்று காதில் விழுந்ததும், அக்கா கையில் பிடித்த கரண்டியோடு அப்படியே இறங்கி வந்துவிட்டாள். வேடிக்கையை விடுவாளா?

"எலுமிச்சை," என்றார் மூக்கர். சரி.

"கிராம்பு." சரி.

"ரோஜா." அதுவும் சரி.

"நாலாவதை முகரவே வேணாம் அண்ணே. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதானே!" அக்காவுக்குச் சப்பென்று போய்விட்டது.

மூக்கர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. ஆனா... எங்கேயோ பால் தீயுது."

அக்கா உச்சுக் கொட்டினாள். உள்ளுக்குள் லேசான குளிர்ச்சிதான். "அடப் பாவமே! இந்த வியாதியில இல்லாத தீய்ஞ்ச வாசனையெல்லாம் வருமாமே. எங்க மூக்குக்கு ஒண்ணும் வரலை. நாற்காலியை மறந்துடுங்க அண்ணே."

மகள் நாலாவது பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"வெறும் தண்ணி அக்கா! குத்துமதிப்பா அடிச்சு விடறாரான்னு பார்க்க நான்தான் மாத்தி வச்சேன். எங்கப்பா தேறிட்டார்!" நிமிர்ந்த அவள் தலை கூரையை இடிக்காத குறை.

"அப்போ அந்தப் பால்...?" என்று இழுத்த அக்கா, கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அடுத்த நொடி மாடிப்படி அதிர்ந்தது.

"மெதுவா ஏறு தங்கச்சி," மூக்கர் கண்கட்டை அவிழ்க்காமலே குரல் கொடுத்தார், "இன்னும் அடியிலதான் பிடிச்சிருக்கு!"