படத்தில் வந்த ஹெலிகாப்டர்

படத்தில் கதாநாயகன், குண்டடிபட்ட தவசிக்கனியைத் தோளில் சுமந்து ஓடி ஹெலிகாப்டரில் ஏற்றினான். தியேட்டரே கைதட்டியது.

தவசிக்கனியின் மனைவி பூரணம், பக்கத்தில் இருந்த அந்தோணிராஜைத் திரும்பிப் பார்த்தாள். எல்லையில் ஒரு பாலத்தைப் பிடிக்கப் போன ஏழு பேரில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் எழுதிய புத்தகத்தைத்தான் படமாக எடுத்திருந்தார்கள்.

"அண்ணே, உங்க மடியிலயே உயிர் போச்சுன்னுல்ல எழுதியிருந்தீங்க? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க?"

"ஹெலிகாப்டர் வரவே இல்ல, தாயி."

"பின்னே?"

அந்தோணிராஜ் அவள் பக்கம் குனிந்து சொன்னார்.

"தண்ணி கேட்டுக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தான். நான் விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

அவள் அறைவாள் என்று நினைத்தார். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அப்போ நீங்க வரும்போது உயிரோடதானே இருந்தாரு, அண்ணே?"