லினக்ஸ்காரரின் புகார்

"இந்த ஆளுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன்," என்றான் அவன், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி.

வங்கி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு, உங்க லினக்ஸ்காரரா? இன்னிக்கு என்னவாம்?"

"பாலத்துல ரயில் திரும்பும்போது கடைசிப் பெட்டி காணாமப் போகுதாம்."

கை நிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவன் தனியாளாகச் செய்த வீடியோ கேம் அது. சரக்கு ரயில் பெட்டிகளைக் கோத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆன்லைன் கடையில் விற்பனைக்கு வைத்ததும் நண்பர்கள் எல்லோரும் "பின்னிட்ட மச்சான்" என்று வாழ்த்தினார்கள். அவர்களில் ஒருத்தனும் வாங்கவில்லை.

வாங்கிய சொற்பப் பேரில் ஒருவர்தான் இந்த லினக்ஸ்காரர். விண்டோஸ் கம்ப்யூட்டருக்காகச் செய்த கேமை, அபூர்வமாகச் சிலர் மட்டும் வைத்திருக்கும் 'லினக்ஸிலும் ஓடும்' என்று கடைப் பக்கத்தில் ஒரு குருட்டுத் தைரியத்தில் போட்டுவிட்டான். சோதித்துப் பார்க்கவில்லை. வந்து மாட்டிக்கொண்டார் மனுஷன்.

முதலில் கேம் திறக்கவே இல்லை என்றார். திறக்க வைத்தால் சத்தம் வரவில்லை என்றார். சத்தம் வந்தால் எழுத்து தெரியவில்லை. அதையும் சரிசெய்தால், மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது ரயில் பழைய ஸ்டேஷனிலேயே நிற்கிறதாம். அவரிடம் இருந்ததோ அரதப் பழசான கம்ப்யூட்டர். வணக்கம் கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எதை அழுத்தினேன், என்ன ஆனது என்று மொட்டை ஆங்கிலத்தில் எழுதுவார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

"எங்கப்பாவுக்கு ஏத்த ஜோடி," என்று மனைவி சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் பம்பு கம்பெனியில் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்குக் குறையில்லாத பொருள் உலகத்தில் கிடையாது. மாப்பிள்ளை வேலையை விட்டதிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஏதாவது கேட்பதென்றால் மகளிடம்தான். "உன் வீட்டுக்காரர் இன்னும் விளையாடிக்கிட்டுதான் இருக்காரா?" என்று அவர் போனில் கேட்பது பின்னறை வரைக்கும் கேட்கும்.

ஆன்லைன் கடையின் கோடைத் தள்ளுபடி விற்பனை முடிவதற்குள் கேம் சூடுபிடிக்காவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே அவனுடைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"காசைத் திருப்பிக் கொடுக்கிறது இருக்கட்டும். அவர் சொல்றது நிஜமா, பொய்யா?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

பொய் என்று நிரூபிக்கிற வேகத்தில் விண்டோஸிலேயே கேமைத் திறந்து, ரயிலைப் பாலத்துக்கு ஓட்டினான். திருப்பத்தில் கடைசிப் பெட்டி மாயமாக மறைந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் வாங்கிய எல்லோருக்குமே பெட்டி காணாமல் போயிருக்கிறது. மற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு மனுஷன்தான் போகாமல் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து அந்தப் புகார்களை அவன் வேறு கண்ணோடு படித்தான். ஒவ்வொன்றையும் ஆற அமரச் சரிசெய்தான். சிக்கு எடுக்க எடுக்க, கேம் அவனுக்கே புதிதாகத் தெரிந்தது. தள்ளுபடி தொடங்கும் முன்பே திருத்திய கேமைக் கடையில் ஏற்றினான்.

யாரோ ஒருவர் இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில், "இது எண்ணெய் போட்ட மாதிரி ஓடுது, நம்பி வாங்கலாம்" என்று எழுதிப்போட்டார். அவ்வளவுதான். தங்களை மதித்து ஒருவன் கேம் செய்திருக்கிறான் என்று அந்தக் கூட்டம் திரண்டு வந்தது. அவர்கள் போட்ட சத்தத்தில் விண்டோஸ்காரர்களும் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாங்கினார்கள். தள்ளுபடி முடிவதற்குள் கடையின் முகப்புப் பக்கத்திலேயே அவன் ரயில் வந்து நின்றது.

பழைய கம்பெனிக்கு அவனே போன் போட்டான். "அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். மனைவி அவன் தோளைப் பிடித்து உலுக்கி, சமையலறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வாயில் சர்க்கரையைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவே நண்பர்கள் வரிசையாகப் போன் செய்து, அப்போதே சொன்னோமே என்றார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். மாமனார் மட்டும் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினா நீங்க என்னப்பா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, அவன் வேலையை விட்ட பிறகு முதல் தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மழை பெய்யும்போது சிக்னல் விளக்கு தெரியமாட்டேங்குதுன்னு நேத்தே எழுதிப் போட்டேனே, இன்னும் பதில் வரலையே மாப்பிள்ளை. வியாபாரம் சூடுபிடிச்சதும் லினக்ஸ்காரன் இளக்காரமாப் போயிட்டானா?"