எங்கே பார்த்துச் சுடுவது

“கால்ல சுட்டா போதாதா?” என்று கேட்டாள் மார்லா.

முப்பது வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்விதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன்.



“முதல்ல துப்பாக்கியப் பாரும்மா” என்று இன்று பேச்சை மாற்றினேன்.

ஓக்லஹோமாவில் எங்கள் மாவட்டத்துக்கு இது ஒன்றுதான் துப்பாக்கிக் கடை. நாற்பது மைல் தள்ளி இன்னொன்று இருக்கிறது. அவள் அங்கே போயிருக்கலாம். இங்கே வந்து நிற்கிறாள்.

மார்லா தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவள். வேலைச் சட்டையோடு வந்திருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. பவுடரை எவ்வளவுதான் அப்பியிருந்தாலும் கன்னத்தில் பழைய காயத்தின் மஞ்சள் தெரிந்தது.

புருஷனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். இன்று மதியம் வருகிறான்.

“கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டுல குடுத்த பேப்பரக் காட்டினேன். படிச்சுட்டுச் சிரிச்சான். அடுத்த தடவ வரும்போது உன் கதைய முடிச்சுடறேன்னு சொல்லிட்டுப் போனான்” என்றாள், என் கண்ணையே பார்த்து.

“மொதலாளி, நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்” என்றான் ராய். இருபது வருடமாகக் கடையில் என்னோடு இருக்கிறவன்.

“உன் வேலையப் பாருடா.”

முதலில் ஒரு கறுப்புப் பிஸ்டலை எடுத்தேன். உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். கட்டுப் போட்ட கையால் பாதிகூட இழுக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். வலியில் கண் கலங்கிவிட்டது.

“விடு, விடு. இது உனக்கு ஆகாது.”

“அவன்கிட்ட இருக்கறது இதவிடப் பெருசா?”

“ஆமா.”

அவனுடையது பதினைந்து குண்டு பிடிக்கும். இந்தக் கடையிலிருந்து போனதுதான், இருபத்தொன்றாவது பிறந்தநாள் பரிசாக. எங்கள் பக்கம் பையன்களுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம். பெட்டிக்கு நீல ரிப்பன் கட்டியதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஒரு சின்ன ரிவால்வர். ஐந்தே குண்டு. இழுக்க ஒன்றுமில்லை, விசையை அமுக்கினால் போதும். பின்னால் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காததால் உருவும்போது சட்டையில் மாட்டாது.

“கைப்பைல வைக்காத. அவன் முதல்ல பிடுங்கறது அதைத்தான். உறையோட இடுப்புல இருக்கட்டும். மேல சட்டையத் தொங்க விட்டுக்க. குளிக்கப் போனாலும் கைக்கெட்டற தூரத்துல வை.”

மார்லா அதைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கென்றே செய்ததுபோல் விரல்கள் உட்கார்ந்தன. சீச்சீ, அது எனக்குப் பிடிக்கவில்லை.

“கால்ல சுட்டா…”

“படிவத்த நிரப்பும்மா.”

விற்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். குடித்துவிட்டு வந்தவன், அழுதுகொண்டே வந்தவன் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சொல் நுனி நாக்கில் வந்து நின்றது.

எழுதிய பெயரை உரக்கப் படித்து அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பது என் பழக்கம். இன்று கண்ணால் பார்த்ததோடு சரி. ராய் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், தணிந்த குரலில் விவரம் சொன்னான்.

வாங்குகிறவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்து, அரசாங்கத்திலிருந்து மூன்றில் ஒரு பதில் வரும். விற்கலாம். பொறுங்கள். கூடாது.

‘பொறுங்கள்’ என்று வந்துவிடாதா என்று பாழாய்ப்போன மனசு அடித்துக்கொண்டது. மூன்று நாளாவது தள்ளிப்போகுமே! அந்த மூன்று நாளில் இவள் என்ன ஆவாள் என்று நினைத்ததும் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். மார்லா வாசலில் நின்ற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விக்கலாமாம்” என்றான் ராய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரிவால்வரை, உறையை, குண்டுப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

கால் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அவன் பிழைத்துக்கொள்வான்.

இவள்? பாய்ந்து வருகிறவன் காலில் யாருக்குக் குறி விழும்? பட்டாலும், பதினைந்து குண்டு வைத்திருக்கிறவன் விழுந்த இடத்திலிருந்தே சுடுவான்.

“கால் வேண்டாம்” என்றேன். “நெஞ்சு. நடு நெஞ்சு. அவன் கீழ விழற வரைக்கும் நிறுத்தாத.”

“சரி, மாமா” என்றாள்.

அவள் போன பிறகும் கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் கடையின் பெயர். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்துகள் இடம் வலமாகத் தெரியும்.

‘ஹோல்பர்ட் அண்ட் சன்.’

அவன் பிறந்த வாரம் நான் எழுதவைத்தது.