சரி செய்த பேச்சு

“பொண்ணு வாயைத் திறந்தாலே தெருப் பிள்ளைங்க சிரிக்குதுங்க டாக்டர். விளையாடவும் சேர்த்துக்கிறதில்ல” என்றாள் அம்மா.

பேச்சுப் பயிற்சி நிபுணர் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. “பிறந்ததிலிருந்தேவா?”

“இல்லைங்க. முன்னாடி எங்க வீட்டு ஆளுங்க மாதிரிதான் கடகடன்னு பேசுவா. இப்ப அவங்கப்பாகிட்டப் பேசவே தயங்குறா.”

“காய்ச்சல் வந்துச்சா? தலையில அடி பட்டுச்சா?”

“ஒண்ணுமில்லைங்க. எங்க வட்டாரப் பேச்சே கோளாறுன்னு ஒருத்தர் உட்கார வெச்சுத் திருத்தினாரு.”

வட்டாரப் பேச்சின் பெருமை பற்றி நேற்றுதான் கருத்தரங்கில் முழங்கிவிட்டு வந்திருந்த நிபுணர் பொங்கினார். “எந்த அரைவேக்காடும்மா அது? வட்டாரப் பேச்சு ஒரு வியாதியா? முதல்ல அந்த ஆளோட போர்டைக் கழட்டணும்.”

சிறுமி சுவரைக் காட்டினாள். ‘எங்களிடம் குணமடைந்தவர்கள்’ புகைப்பட வரிசையில் நிபுணருடன் கைகுலுக்கிக்கொண்டிருந்தது அவள்தான்.

அவர் கற்றுக்கொடுத்த அப்பழுக்கற்ற உச்சரிப்பில் சொன்னாள்:

“அவர் தாங்கள்தான், ஐயா.”