கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு வராது

ஜெர்லின் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் போதும், அந்தக் கம்ப்யூட்டர் செத்துவிடும்.

மற்ற நேரத்தில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. நாள் முழுக்கச் சமையல் வீடியோ ஓடும், பாட்டு ஓடும். பிரெஞ்சு வகுப்பு என்றால் மட்டும் பத்து நிமிடமோ அரை மணியோ, எப்போது என்று சொல்ல முடியாது, பொட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டனைத் தட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்காரும். அதற்குப் பிரெஞ்சு வராது என்று நெல்லித்தோப்பில் எங்கள் சந்தே சிரித்தது.

ஜெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான இருபதாம் நாள் பாரீசுக்குப் போன அந்துவான், பிரெஞ்சுப் பரீட்சையில் தேறினால்தான் அழைத்துக்கொள்வேன் என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. பரீட்சை கம்ப்யூட்டர் வழியாகத்தான். பாதியில் அணைந்தால் போனது போனதுதான். இரண்டு முறை அப்படிப் போய்விட்டது. இந்த வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு.

மாமியார் வேளாங்கண்ணியம்மாளைக் குறை சொல்ல வழியே இல்லை. வகுப்போ பரீட்சையோ, மருமகள் உட்கார்ந்ததும் இவர் கூடத்து மூலையில் மாதா சுரூபத்தின் முன்னால் ஜெபமாலையோடு மண்டி போட்டுவிடுவார். கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். மருமகள் இன்னும் விமானமே ஏறவில்லை. இவர் போன மாதமே கைக்குழந்தைக்கு ஆகிற அளவில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிவிட்டார். நகைக்கடையில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

முனைக்கடை மெக்கானிக் வெற்றிவேல் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட்டார். பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினார். உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார். கடைக்கே தூக்கிப்போய் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை.

"மிஷின்ல ஒண்ணுமில்லக்கா. உங்க வூட்டுலதான் ஏதோ இருக்குது" என்றார்.

சந்து அதைச் செய்வினை என்று எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை வெற்றிவேல் தன் கடை யூ.பி.எஸ்.ஸைத் தூக்கிவந்து மாட்டினார். கரண்ட் போனாலும் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தாங்கும். பரீட்சை முடிகிறவரை இருந்தே பார்க்கிறேன் என்று கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெர்லின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "பொன்ழூர் மதாம்" என்றாள். வேளாங்கண்ணியம்மாள் மண்டி போட்டார்.

இன்னும் ஐந்து நிமிடம்தான் பாக்கி. யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டால் அது அப்படித்தான் கத்தும். வெற்றிவேல் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கண் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனது. மேசைக்குப் பின்னால் இறங்கி, சுவரோரமாக ஓடி, மாதா பீடத்துக்கு அடியில் இருந்த சுவிட்ச் போர்டில் போய் முடிந்தது. சுவிட்சின் மேல் ஒரு கை இருந்தது. ஜெபமாலை சுற்றிய கை.

ஹெட்போன் போட்டிருந்த ஜெர்லினுக்கு எதுவும் கேட்கவில்லை. திணறித் திணறிப் பேசிக்கொண்டிருந்தாள். வெற்றிவேல் மாமியாரின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏம்மா, உங்களுக்கே இது நல்லாயிருக்குதா? அந்தப் பொண்ணு போயிட்டா சோறாக்கிப் போட ஆளில்லன்னுதான?"

வேளாங்கண்ணியம்மாள் அணையாத கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"மெர்சி மதாம்" என்று ஹெட்போனைக் கழற்றி வீசினாள் ஜெர்லின். மூன்று வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

"அத்த, முடிச்சிட்டேன். நல்லா பண்ணேன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே அவரு ஒரு சாக்கும் சொல்ல முடியாது." போனை எடுத்து அந்துவானின் நம்பரைப் போட்டபடி உள்ளறைக்கு ஓடினாள்.

யூ.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கிழவிக்குக் கண் கலங்கியிருந்தது. மாட்டிக்கொண்டதால் என்றுதான் வெற்றிவேல் நினைத்தார்.

உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே வேளாங்கண்ணியம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் கொலுசு பாரீசுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு தம்பி, புள்ளைக்குச் சரியா இருக்குதாம்."