கும்பிடு யாருக்கு?

நான்கு மீனவர்களுடன் எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நின்ற மீன்பிடிப் படகை ட்ரோன் கண்டுபிடித்துவிட்டது. மீட்புப் படகு வரும்வரை மேலேயே வட்டமிட்டு இடம் காட்ட வேண்டும். பேட்டரியோ தீர்ந்துகொண்டே வந்தது.

"இவர்களை விட்டுப் போக மனமில்லை, பறக்கவும் தெம்பில்லையே" என்று தவித்தது ட்ரோன்.

அதன் இறக்கைமேல் ஒட்டியிருந்தது சூரியத் தகடு. காலையில்தான் அதை வீண் சுமை என்று ட்ரோன் திட்டியிருந்தது. "வெயில் இருக்கிறவரை நான் மின்சாரம் ஊட்டுகிறேன். நீ மெல்லச் சுற்று" என்றது தகடு.

மூன்று மணி நேரம் சுற்றியபின் மீட்புப் படகு வந்துசேர்ந்தது. பிழைத்த நால்வரும் அண்ணாந்து ட்ரோனைக் கும்பிட்டார்கள்.

ட்ரோனுக்குக் கூச்சமாகிவிட்டது. இறக்கையைச் சாய்த்து, தகட்டை அவர்கள் பக்கம் திருப்பியது.

"என்ன செய்கிறாய்?" என்றது தகடு.

"பேசாமல் வாங்கிக்கொள். அது உனக்கு வரவேண்டிய கும்பிடு."