விட்டுவைத்த வீடு

தோசே இன்று கொஞ்சம் தாமதமாகத்தான் அடுப்பு மூட்டினாள். கோட்டைச் சுவரின் துளை வழியே கீழே தன் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த ஹன்பே, புகை எழுந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

"சோறு வெந்தாச்சா?" என்றான், பக்கத்தில் பீரங்கியைத் துடைத்துக்கொண்டிருந்த தொராகிச்சி. "அண்ணிகிட்ட எனக்கும் ஒரு உருண்டை எடுத்துவைக்கச் சொல்லுண்ணே. இங்க போடுற பழுப்பரிசிய எலிகூடத் திங்காது."

பேரரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு தென்னாட்டுப் படை அய்சு நகருக்குள் நுழைந்த காலையில் கோட்டை மணி அடித்தது. மணி கேட்டதும் குடும்பங்கள் கோட்டைக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல மழை, ஹன்பேயின் அம்மாவால் நடக்க முடியாது. அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு அவன் மனைவி தோசே வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்படி வெளியே நின்றுவிட்ட பெண்கள் பலர், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று கத்தியால் தங்களை முடித்துக்கொண்டதாகப் பேச்சு. ஹன்பே அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். அவசரப்படாதே, எப்படியும் வந்துவிடுவேன் என்று புறப்படும்போதே தோசேயிடம் சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே குறுங்கத்தியை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டாள்.

தினமும் எழும் இந்தப் புகைதான் அவள் அனுப்பும் பதில் என்று அவன் நம்பியிருந்தான். முற்றத்துக் காகி மரத்திலும் பழங்கள் நாளுக்கு நாள் குறைந்துவந்தன. மகள் ஏறிப் பறிக்கிறாள் போல.

"பறிச்சா தோலுரிச்சு, கயித்துல கட்டிக் காயப்போடணுமேண்ணே," என்றான் தொராகிச்சி. "அப்படியே கடிச்சா நாக்கு மரத்துப்போற பழம். உங்க வீட்டுக் கூரையோரம் ஒரு கயித்தையும் காணோமே?"

"உள்ள கட்டியிருப்பா. வெளிய குண்டு விழுறது உனக்குத் தெரியாதா?"

தொராகிச்சி மறுபடி பீரங்கியைத் துடைக்கத் தொடங்கினான்.

மதியம் பீரங்கிப் படைத் தலைவர் வந்தார். கீழே ஹன்பேயின் வீடு இருந்த தெருவைக் காட்டி, கிணற்றடிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள், அந்தத் தெருவிலிருந்துதான் எவனோ குறிபார்த்துச் சுடுகிறான், தெருவையே தரைமட்டமாக்கு என்றார். ஹன்பே ஒவ்வொரு வீடாக அடித்தான். அவனுக்குக் கல்யாண விருந்து வைத்த பக்கத்து வீட்டுக் கூடமும் சரிந்தது. பீரங்கி தன் வீட்டுக்கு நேராகத் திரும்பியபோது மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான்.

"ஐயா, அதுல என் பொண்டாட்டி இருக்கா. அம்மா இருக்காங்க, குழந்தை இருக்கு. புகை வருது பாருங்க. அந்த ஒரு வீட்ட மட்டும் விட்டுடுங்க."

தலைவர் புகையைப் பார்த்தார். அவருடைய குடும்பமும் கோட்டைக்கு வெளியேதான் நின்றுபோயிருந்தது. போதும் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் கோட்டைக்குள் ஒரு குண்டு வந்து விழுந்தது. அது வெடிக்குமுன் மேலே போட்டு அணைக்க, ஈர மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தொராகிச்சி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கித் தோட்டா கழுத்தில் பாய்ந்திருந்தது. ஹன்பே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்கேருந்துண்ணே சுட்டான்?"

"பக்கத்துத் தெரு. நீ பேசாத."

தொராகிச்சி அவன் முகத்தையே பார்த்தான். "அந்த உருண்டைய மறந்துடாதீங்கன்னு அண்ணிகிட்ட சொல்லு," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

சரணடைவது என்று முடிவானபோது கோட்டையில் வெள்ளைத் துணியே மிச்சமில்லை. எல்லாம் காயங்களுக்குக் கட்டாகப் போயிருந்தது. கிடைத்த துண்டுதுணிகளைச் சேர்த்து, அழுதுகொண்டே பெண்கள் ஒரு கொடி தைத்தார்கள். ஆயுதங்களை ஒப்படைத்ததும் ஹன்பே காவலனிடம் கெஞ்சி, வீடு வரை போய்வர அனுமதி வாங்கினான். மகளுக்கென்று தின்னாமல் வைத்திருந்த பழுப்பரிசி உருண்டை அவன் சட்டைக்குள் இருந்தது.

இடிந்து கிடந்த தெருவில் அவன் வீடு மட்டும் முழுசாக நின்றது. புகை வந்துகொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக வாசலைத் தாண்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

முற்றம் முழுக்கக் காகிப் பழங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. துவர்ப்புத் தாங்காமல் துப்பி எறிந்தவை. மரத்தடியில் மூன்று மண்மேடுகள் இருந்தன. ஒன்று சின்னது.

சமையலறையிலிருந்து அகப்பையோடு எட்டிப்பார்த்த தென்னாட்டுச் சிப்பாய், இவன் முகத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். தாங்கள் வந்த முதல் நாளே அந்த மூவரும் வெள்ளை உடுத்தி வரிசையாகக் கிடந்தார்கள், பக்கத்தில் ஒரு குறுங்கத்தி இருந்தது என்றும், தாங்கள்தான் அடக்கம் செய்தோம் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

ஹன்பே சின்ன மேட்டின் அருகே போய் உட்கார்ந்தான். அவனுக்கு ஆறுதலாக இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சிப்பாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். இடிந்த தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எந்தப் புண்ணியவானோ இந்த வீட்ட மட்டும் அடிக்கல. அதனாலதான் குறிபாத்துச் சுடுத நாங்க எல்லாரும் இங்கனயே இருந்துட்டோம்."